கத்தரிப்பூ நிறத்தில் ஓர் அறை: அத்தையின் ஆறு பொருட்கள்

அத்தைக்கு 68 வயது. பிறந்த வீட்டில் ஆறு பேரோடு ஒரே கூடத்தில் படுத்தவர். கல்யாணமான பிறகு கூட்டுக் குடும்பத்தில் அடுக்களை ஓரமாகப் பாய் விரித்தவர். மாமா போன பிறகு மகன் வீட்டு ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே கட்டில் போட்டுக்கொண்டவர். இந்த வருஷம் ஜூன் மாதம் மதுரையில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தபோதுதான், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள அவருக்கென்று ஓர் அறை கிடைத்தது. பத்தடிக்கு ஒன்பதடி. மேற்கே பார்த்த ஒரே ஜன்னல். சந்தன நிற டிஸ்டெம்பர் அடித்த சுவர்.

"உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும் அத்தை?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"கத்தரிப்பூ."

கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்த சுங்குடிச் சேலையின் நிறம் அது. அந்தச் சேலை இன்னும் அவரிடம் இருக்கிறது. துவைத்துத் துவைத்து மெழுகுத் துணி போல மென்மையாகி, வெளுத்து, எந்த நிறம் என்றே சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. தலையணைக்கு அடியில் மடித்து வைத்துக்கொள்கிறார்.

வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்: சுவருக்கு வேறு பெயிண்ட் அடிக்கக் கூடாது, ஆணியும் அடிக்கக் கூடாது. ஆகவே நிறம் முழுக்கப் பொருட்களின் மேல்தான் வர வேண்டும். புதிதாக எதையும் வாங்குவதில்லை, வீட்டில் கிடப்பதையே சரிசெய்து கையால் வண்ணம் தீட்டுவது என்று முடிவு செய்தோம். அந்த ஆறு பொருட்களின் கதையை இங்கே எழுதுகிறேன். வேலை எப்படி நடந்தது என்பதோடு, பாதி வழியில் அது எங்களைக் கண் மருத்துவமனையில் கொண்டுபோய் நிறுத்தியதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எதைத் தீட்டினோம், எதை விட்டோம்

பரணிலிருந்து இறக்கியவை: அத்தை கல்யாணத்துக்குச் சீராக வந்த இரும்பு ட்ரங்குப் பெட்டி, மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில்கள், கால் ஆடிய ஒரு மர முக்காலி, ஓரம் பிரிந்த ஒரு முறம். கண்ணாடிச் சட்டத்தையும் பிஸ்கட் டின்னையும் கடைசியில் சேர்த்தோம். அவற்றைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேய்த்தோம், அடித்தோம், நன்றாக வந்தன.

மர அஞ்சறைப் பெட்டியை நான் கையில் எடுத்ததுமே அத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இதுல கைய வைக்காத. எங்க அம்மா கை பட்டது." அவர் சொன்னது சரி. பல வருஷம் எண்ணெயும் மஞ்சளும் ஏறிப் பளபளத்த மரத்தின் மேல் பெயிண்ட் அடித்தால், இருந்த அழகுதான் போகும். பித்தளைச் சொம்பையும் அதே காரணத்துக்காக விட்டுவிட்டோம். பழைய பொருளைப் புதிதாக்கும் ஆர்வத்தில் நல்ல மரத்தையும் பித்தளையையும் பெயிண்டில் மூழ்கடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். துருப்பிடித்தது, பெயிண்ட் உரிந்தது, உடைந்தது, குப்பைக்குப் போகவிருந்தது, இவற்றுக்குத்தான் வண்ணம் தேவை.

முறத்தில் அத்தைதான் எனக்கு ஆசிரியர். மூங்கில் பின்னலின் மேல் நேராக அக்ரிலிக் பூசினால் இடுக்கில் இறங்கித் திட்டுத்திட்டாக நிற்கும். என்ன பிரைமர் அடிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அத்தை ஒரு கைப்பிடி வெந்தயத்தை ஊறப்போட்டார். இன்னொரு பாத்திரத்தில் பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்தார். மறுநாள் இரண்டையும் சேர்த்து மையாக அரைத்து, முறத்தின் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அப்பித் தேய்த்தார். அந்தக் காலத்தில் முறத்தில் ஓட்டை விழுந்து மாவு சிந்தாமல் இருக்க இப்படித்தான் மெழுகுவார்கள். இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் இடுக்கெல்லாம் அடைபட்டு, அட்டை போல வழவழப்பான ஒரு தளம் கிடைத்தது. 220ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தடவை தேய்த்தேன், அவ்வளவுதான். அதன் மேல் வண்ணம் ஒரே சீராக உட்கார்ந்தது. இன்று அது ஜன்னல் கம்பியில் செம்புக் கம்பி கட்டித் தொங்குகிறது. மழைச் சாரல் படாத பக்கமாகத்தான் மாட்டியிருக்கிறோம், ஏனென்றால் காகிதக் கூழ் ஈரத்தில் ஊறிவிடும்.

"இது சாம்பல்டி"

முதலில் எடுத்தது பாட்டில்கள். லேபிள் பசையை தேங்காய் எண்ணெயும் ஆப்ப சோடாவும் குழைத்துத் தேய்த்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி வைத்தேன். அப்புறம் நிறம் கலக்க உட்கார்ந்தேன்.

ஊதா வர வேண்டுமானால் நீலமும் சிவப்பும் சேர வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்தச் சிவப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குங்குமச் சிவப்பில், அதாவது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பில், ஏற்கெனவே மஞ்சள் கலந்திருக்கும். அதை நீலத்தோடு சேர்த்தால் மூன்று நிறமும் மோதிச் சேற்று நிறம்தான் வரும். எனக்கும் முதலில் அதுதான் வந்தது. கிரிம்சன் போன்ற குளிர்ந்த சிவப்பையும், தானே கொஞ்சம் ஊதாப் பக்கம் சாயும் அல்ட்ராமரைன் நீலத்தையும் எடுத்தேன். வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தபோது, காலை வெளிச்சத்தில் கிண்ணத்துக்குள் அசல் கத்தரிப்பூ இதழ் வந்து விழுந்தது. மாடியில் தொட்டியில் கத்தரிச் செடி இருக்கிறது. பூவைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் பாட்டிலுக்கு அடித்தேன்.

சாயங்காலம் அறையில் கொண்டுபோய் வைத்தேன். அத்தை கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கத்தரிப்பூ எங்கடி? இது சாம்பல்டி. அடுப்புச் சாம்பல்."

பல்பு காரணமாக இருக்கும் என்று நினைத்தேன். அறையில் இருந்தது மஞ்சள் வெளிச்சம் தரும் எல்ஈடி பல்பு. மஞ்சள் வெளிச்சத்தில் நீலக் கதிர் குறைவு. வெளிர் ஊதாவில் இருக்கும் நீலத்துக்குத் திருப்பி அனுப்ப ஒன்றும் கிடைக்காததால் அது மங்கித் தெரியும். பல்பை மாற்றிப் பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை டியூப் போட்டேன். என் கண்ணுக்கு நிறம் திரும்பி வந்துவிட்டது. அத்தை, "இப்ப பரவால்ல, ஆனா சாம்பல்தான்" என்றார்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவருடைய அறை, அவருக்குப் பிடித்த நிறம், அவரே இல்லை என்கிறார். அந்த பாட்டிலை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு, கிண்ணத்தையும் குச்சியையும் அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே கலக்குங்க அத்தை."

அவர் நீலத்தைச் சேர்த்துக்கொண்டே போனார். வெள்ளை, மறுபடி நீலம், கொஞ்சம் வெள்ளை. என் கண்ணில் அது கத்தரிப்பூவைத் தாண்டி, கனகாம்பரத்துக்குப் பக்கத்தில் பூக்கும் நீல டிசம்பர் பூவின் நிறத்துக்குப் போய்விட்டது. அத்தை முகம் அப்போதுதான் மலர்ந்தது. "இதுதான். எங்க அப்பா வாங்கிக் குடுத்தது இதுதான்." அவருடைய அறைதானே என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சம் இரண்டு பாட்டிலுக்கும் அந்த நிறத்தையே அடித்தேன்.

அந்த இரண்டும் இரண்டு வாரத்தில் உரிந்தன. ஈரத் துணியால் துடைத்தபோது பாம்புச் சட்டை போலக் கழன்று வந்துவிட்டது. கண்ணாடியில் பெயிண்ட் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பே கிடையாது. கை பட்ட எண்ணெய் துளி இருந்தாலும் நிற்காது. இரண்டாம் முறை ஸ்பிரிட்டால் துடைத்து, கழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, பிரஷுக்குப் பதில் ஸ்பாஞ்சுத் துண்டால் மூன்று மெல்லிய பூச்சுகளாக ஒற்றி எடுத்தேன். மூன்று வாரம் யாரும் தொடக் கூடாது என்று சொல்லி அலமாரி மேல் வைத்தேன். அது நின்றது. ஒன்றில் வெட்டிவேர்க் கட்டு வைத்தோம். இன்னொன்றில் அத்தையின் ஊசி, நூல், பட்டன்.

ட்ரங்குப் பெட்டியும் சுங்குடிப் புள்ளியும்

பெட்டியின் மேல் பழைய பச்சை எனாமல் இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேற்பட்டது. இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016இல்தான், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் தூசி மூக்கிலும் வாயிலும் போகும், குழந்தைகளுக்கு அது நிரந்தரக் கேடு. சூடு காட்டி உரிப்பது அதைவிட மோசம். பெட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், நல்ல முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளால் ஈரத்தோடுதான் தேய்த்தேன். வழிந்த கசடை செய்தித்தாளில் வாங்கிச் சுருட்டிக் கட்டிப் போட்டேன். என் பையனை அந்த இரண்டு நாளும் மாடிப்படி ஏற விடவில்லை.

துரு போனதும் ரெட் ஆக்சைடு பிரைமர். காய்ந்ததும் அதன் மேல் நேராக ஊதா அடிக்க முடியாது. அடியில் இருக்கும் செங்கல் நிறம் மேலே எட்டிப் பார்க்கும், ஊதா கறுத்துவிடும். நடுவில் வெள்ளை இரண்டு பூச்சு கொடுத்து, அதற்கு மேல் அத்தை கலந்த நிறத்தை அடித்தேன்.

மூடியின் மேல் என்ன வரைவது என்ற பேச்சு வந்தபோது அத்தை, "சுங்குடிப் புள்ளி வை" என்றார். மதுரைச் சுங்குடியில் துணியைக் கிள்ளியெடுத்து நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாது. காய்ந்தபின் பிரித்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெள்ளைப் புள்ளி. இந்த ஊர் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை. அத்தை சின்ன வயதில் பக்கத்து வீட்டு சௌராஷ்டிரப் பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுப் பழகியவர்.

ஸ்கேல் வேண்டாம் என்றார். நூல் ஒன்றைக் கோலமாவில் புரட்டி, மூடியின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டார். நூல் விழுந்த இடத்தில் வெள்ளைக் கோடு. குறுக்கிலும் நெடுக்கிலும் இப்படிச் சுண்டிச் சுண்டிக் கட்டம் போட்டு முடித்தோம். தீக்குச்சியின் அடிப்பக்கத்தை வெள்ளை பெயிண்டில் தொட்டு, கட்டங்கள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொன்றாக வைத்தார். வைக்கும்போது சுட்டு விரலும் கட்டை விரலும் துணியைக் கிள்ளுவது போலவே ஒருமுறை கூடி, அப்புறம்தான் குச்சி இறங்கியது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வேலை விரலுக்குள் அப்படியே இருந்தது. வலப்பக்கம் போகப் போகப் புள்ளிகள் கோட்டை விட்டு விலகிச் சரிந்தன. கை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். சரிந்த புள்ளிகளை நான் திருத்தவில்லை. கையால் கட்டின சுங்குடியிலும் புள்ளி ஒன்றுபோல இருக்காது. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் அது அச்சுப் போட்ட சேலை.

முக்காலி காட்டிக் கொடுத்தது

செப்டம்பரில் முக்காலிக்கு வந்தோம். கால் ஆட்டத்தைப் பெவிகால் வைத்து இறுக்கி, அத்தையின் நிறத்தை அடித்து, கீறல் படாமல் இருக்க மேலே வார்னிஷ் போடலாம் என்று நினைத்தேன். தச்சு வேலைக்கு வாங்கி மிச்சமிருந்த எண்ணெய் வார்னிஷ் வீட்டில் இருந்தது. பலகையின் பாதி வரைக்கும் இழுத்தபோதே தப்பு தெரிந்துவிட்டது. அந்த வார்னிஷ் தேன் நிறம். அது பட்ட பாதியில் ஊதா செத்து, அழுக்குப் படிந்த சாம்பலாகிவிட்டது. மஞ்சளும் ஊதாவும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் நிறங்கள். ஊதாவின் மேல் மஞ்சள் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருந்தது. நீரில் கரையும் வார்னிஷாக இருந்திருந்தால் மஞ்சளடிக்காது.

மனசு விட்டுப்போய் அத்தையைக் கூப்பிட்டேன். "பாருங்க அத்தை, பாதியக் கெடுத்துட்டேன்."

அவர் குனிந்து பார்த்தார். கையால் தடவிப் பார்த்தார். "எந்தப் பாதி?"

"இந்தப் பக்கம் நல்லா இருக்கு, இந்தப் பக்கம் மங்கிப் போச்சு."

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு?"

பிரஷ் கையில் அப்படியே நின்றுவிட்டது. என் கண்ணுக்கு நடுவில் கோடு கிழித்தது போலத் தெரிந்த வித்தியாசம் அவருக்குத் தெரியவே இல்லை. அந்த வார்னிஷ் அவருடைய கண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அடுப்புச் சாம்பல், நீலம் நீலமாகச் சேர்த்த கிண்ணம், வலப்பக்கம் சரிந்த புள்ளிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. மூன்று மாதமாக அவர் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நான்தான் அதை நிறம் பற்றிய அபிப்பிராயம் என்று எடுத்துக்கொண்டேன்.

மதுரைக்காரர்களுக்குக் கண் என்றால் எங்கே போவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த ஊரில்தான் இருக்கிறது. சோதித்துப் பார்த்ததில் இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் நன்றாக முற்றியது.

வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே போகும். புரை முற்றினால் பழுப்பாகும். மஞ்சள் லென்ஸ் முதலில் மறிப்பது நீலத்தையும் ஊதாவையும். மாற்றம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல நடப்பதால் மூளை அதற்குப் பழகிவிடும், பார்ப்பவருக்கே தெரியாது. பிரெஞ்சு ஓவியர் மோனேக்கும் இதுதான் நடந்தது. கண்புரை இருந்த வருஷங்களில் அவர் தீட்டியவற்றில் சிவப்பும் பழுப்பும் ஏறிக்கிடக்கும். 1923இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று தவித்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஓவியருடைய கண்ணில் நடந்ததும் எங்கள் வீட்டு முக்காலியில் நடந்ததும் ஒன்றுதான்.

ஒரு கண், இன்னொரு கண்

அக்டோபரில் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பழைய லென்ஸை எடுத்துவிட்டு உள்ளேயே செயற்கை லென்ஸ் வைத்தார்கள். அந்த ஒரு மாதமும் வீட்டில் உப்புத்தாள், பெயிண்ட் எதையும் தொடவில்லை. தூசி ஆகாது. வேளை தவறாமல் சொட்டு மருந்து மட்டும்தான்.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போன அத்தை வாசலிலேயே நின்றார். வலது கண்ணை மூடிப் பார்த்தார், இடது கண்ணை மூடிப் பார்த்தார், மறுபடி மறுபடி.

"ஏண்டி, பெட்டிய ஏன் இவ்வளவு நீலமா அடிச்சு வச்சிருக்க?"

"நீங்கதான கலந்தீங்க அத்தை."

"நானா!"

ஒரு கண்ணில் பெட்டி நீலமாக இருக்கிறது, இன்னொரு கண்ணில் டீ வடிகட்டின துணி வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்றார். சுவரைப் பார்த்து, "இது சந்தன கலரா? நான் பழுப்புன்னுல்ல நினைச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் தலையணைக்கு அடியிலிருந்து சுங்குடிச் சேலையை எடுத்தார். அதில் கிழிந்துபோயிருந்த ஒரு பாகத்தை மட்டும் குஷன் உறையாகத் தைத்துத் தரச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே பிரிக்கலாம் என்றார்.

கரையோரம் தைத்திருந்த ஃபால்ஸைப் பிரித்தேன். அதற்கு அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு, வெயிலும் சோப்பும் படாமல், துணி அன்றைக்குச் சாயத் தொட்டியிலிருந்து எடுத்தது போல இருந்தது. வெள்ளைப் புள்ளி இரண்டு, சுற்றிலும் மெல்லிய சிவப்பு ஓடிய ஊதா. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "அந்த முத பாட்டில எங்க போட்ட?" என்று கேட்டார்.

பரணில் ஏறி எடுத்து வந்தேன். தூசியைத் துடைத்து, துணியை பாட்டில் மேல் சுற்றினேன். கொஞ்சம்கூட வித்தியாசமில்லை.

"இதையா சாம்பல்னு சொன்னேன்?" என்று பாட்டிலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இப்போது அறை

மொத்தச் செலவு ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பாதி உப்புத்தாள், பிரைமர், ஸ்பிரிட் என்று கண்ணுக்குத் தெரியாத வேலைக்கே போனது. நாளிலும் அப்படித்தான். பிரஷ் பிடித்த நேரத்தைவிடத் தேய்த்த நேரமும் காயவிட்ட நேரமும் பல மடங்கு. ஆறு பொருளோடு நிறுத்திக்கொண்டதில் எனக்குத் திருப்தி. சந்தனச் சுவருக்கு எதிரே ஊதா தானாகவே எடுப்பாகத் தெரியும். இன்னும் நாலு பொருள் சேர்த்திருந்தால் கடை மாதிரி ஆகியிருக்கும்.

பெட்டியை மாற்றி அடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். புள்ளி அவர் கையால் வைத்தது. முறமும் அப்படியே இருக்கட்டும் என்றார். வெட்டிவேர் மட்டும் முதல் பாட்டிலுக்கு மாறியிருக்கிறது.

முக்காலியைத் தேய்த்து வார்னிஷை எடுத்து, வெள்ளை பிரைமர் அடித்து வைத்திருக்கிறேன். கட்டில் பக்கத்தில் வெள்ளையாகவே நிற்கிறது, மேலே பித்தளைச் சொம்பில் தண்ணீர். இடது கண்ணுக்குத் தை மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை முக்காலியைத் தொடாதே, இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு நானே கலக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார் அத்தை.